எத்தனை ஜாக்கி!

லாரியின் டயர் பஞ்சரானால் கிளீனர் முதலில் தேடுவது ஜாக்கியை. குதிரைப் பந்தயத்தில் குதிரையின் பிடரியோடு ஒட்டிக் குனிந்து வருகிறாரே, அவரும் ஜாக்கிதான். சீட்டுக்கட்டில் ராஜா, ராணிக்கு அடுத்தபடியாக நிற்கும் ஆளையும் நம் ஊரில் ஜாக்கி என்றே சொல்கிறார்கள். ஒன்று இரும்புக் கருவி, ஒன்று ஆள், ஒன்று அட்டையில் அச்சடித்த படம். இந்த மூன்றுக்கும் என்ன சொந்தம்?

மூன்றும் ஒரே செல்லப்பெயரிலிருந்து வந்தவை. அந்தச் செல்லப்பெயருக்குச் சொந்தக்காரர் ஜான்.

அறுநூறு, எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பு இங்கிலாந்தில் எந்தத் தெருவுக்குப் போனாலும் ஒரு ஜான் இருப்பார். பைபிளில் வரும் யோவான்தான் அங்கே ஜான். தமிழ்க் கத்தோலிக்கர்கள் அவரை அருளப்பர் என்பார்கள். அப்பாவும் ஜான், மகனும் ஜான் என்றால் எப்படிக் கூப்பிடுவது? சின்னவனை 'ஜான்கின்' என்றார்கள். அது பேச்சில் தேய்ந்து ஜாக்கின் ஆகி, கடைசியில் ஜாக் என்று நின்றது. வடக்கே ஸ்காட்லாந்தில் அதையே ஜொக் என்றார்கள். சின்னப் பையனாக இருந்தால் ஜொக்கி. குதிரை லாயத்துப் பையன்களையும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். பிறகு பந்தயக் குதிரை ஓட்டுபவருக்கு அதுவே தொழில்பெயராகிவிட்டது. நாம் அதை ஜாக்கி என்று எழுதுகிறோம்.

காரைத் தூக்கும் கருவிக்கு ஆங்கிலத்தில் வெறும் ஜாக் என்றுதான் பெயர். 'க்' என்று முடியும் சொல் தமிழ் நாக்குக்கு ஒத்துவராது. ஓர் 'இ' சேர்த்துக்கொண்டோம். ஆங்கிலத்தில் எப்போதோ பிரிந்துபோன ஜாக்கும் ஜொக்கியும் கடல் தாண்டி வந்து நம் மெக்கானிக் கடையில் மறுபடி ஒன்றாகிவிட்டார்கள்.

சரி, ஓர் ஆளின் செல்லப்பெயர் எப்படி இரும்புக் கருவிக்குப் போனது? இங்கேதான் விஷயம் இருக்கிறது. யாரோ ஒரு சாதாரண ஆள் என்பதை நாம் 'குப்பன் சுப்பன்' என்கிறோம் அல்லவா? அங்கே அந்த இடத்தில் ஜாக். பெரிய வீடுகளில் விறகு சுமந்தவன், தண்ணீர் இறைத்தவன், பூட்ஸ் கழற்றிவிட்டவன் எல்லோருமே ஜாக். சொந்தப் பெயர் என்ன என்று யாரும் கேட்டிருக்கப் போவதில்லை. பிற்காலத்தில் அந்த வேலையைச் செய்ய ஒரு கருவி வந்தபோது, வேலையோடு சேர்த்து அவன் பெயரும் கருவிக்குப் போய்விட்டது. பூட்ஸ் கழற்ற உதவும் கவட்டை வடிவ மரப்பலகைக்குப் பெயர் பூட் ஜாக். தச்சர் முரட்டுப் பலகையை முதலில் தள்ளிச் சீவும் இழைப்புளி, ஜாக் பிளேன். வெல்ஸ் நகரத்துத் தேவாலயக் கடிகாரத்தில் மணியடிக்கும் மர பொம்மைக்குக்கூட ஜாக் என்றுதான் பெயர். கையால் மணி அடிப்பதோடு நிற்காமல், கால் பக்கத்து மணிகளைக் குதிகாலால் உதைக்கவும் செய்கிறார்!

இந்த இடம் மாறலை அழகாகப் பார்க்க வேண்டுமானால் பழைய சமையலறைக்குள் போக வேண்டும்.

இங்கிலாந்தின் பெரிய வீடுகளில் இறைச்சியை நீளமான இரும்புக் கம்பியில் குத்தி, கணப்புக்கு முன்னால் மணிக்கணக்கில் சுற்றிக்கொண்டே இருப்பார்கள். சுற்றுவதை நிறுத்தினால் ஒரு பக்கம் கருகும், மறுபக்கம் பச்சையாக இருக்கும். இந்த வேலை ஒரு பையனுடையது. நெருப்பின் அனலில் வெந்துகொண்டே சுற்ற வேண்டும். பிறகு பையனுக்குப் பதில் நாயைப் பிடித்தார்கள். சுவரில் ஒரு மரச்சக்கரம். அதற்குள் குட்டைக்கால் நாய் ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும். சக்கரம் சுழல, கயிறு வழியாகக் கம்பியும் சுழலும். இதற்கென்றே ஒரு நாய் வகை இருந்தது. இப்போது அந்த வகையே இல்லை. வேல்ஸ் நாட்டில் அபெர்கவெனி அருங்காட்சியகத்தில் பாடம் செய்த ஒரே ஒரு நாயை வைத்திருக்கிறார்கள்.

நாய்க்கும் போட்டியாக வந்தது எடைக்கல்லும் பல்சக்கரமும் கொண்ட ஓர் இயந்திரம். கல் மெல்ல மெல்லக் கீழே இறங்க, கம்பி சுற்றும். அதன் பெயர் ஜாக். எனக்குப் பிடித்தது அதன் தம்பி, புகை ஜாக். கணப்பின் புகைபோக்கிக்குள் ஒரு விசிறியைப் பொருத்திவிட்டார்கள். காற்று சூடானால் விரிந்து லேசாகும், சுற்றியிருக்கும் குளிர்ந்த காற்று அதை மேலே தள்ளும். மேலே போகும் காற்று விசிறியின் இறக்கைகளைத் தள்ளும். விசிறி சுழன்றால் கம்பி சுழலும். லியொனார்டோ டாவின்சி இப்படி ஓர் அமைப்பைத் தம் குறிப்பேட்டில் வரைந்து வைத்திருக்கிறார். இதில் ஒரு தந்திரம் கவனித்தீர்களா? தீ பெரிதாக எரிந்தால் காற்று வேகமாக மேலே போகும், இறைச்சியும் வேகமாகச் சுற்றும், கருகாது. தீ அடங்கினால் சுற்றலும் அடங்கும். மேற்பார்வைக்கு ஆள் தேவையில்லை. பையனும் இல்லை, நாயும் இல்லை, ஜாக் மட்டும் இருக்கிறான்.

ஒரு தாளைப் பாம்புச் சுருள்போல வெட்டி, நடுவில் நூல் கட்டி, எரியும் அகல்விளக்குக்கு ஒரு முழம் மேலே பிடித்துப் பாருங்கள். சுருள் சுற்ற ஆரம்பிக்கும். பக்கத்தில் பெரியவர் ஒருவர் இருக்கட்டும். தாளைத் தீக்குக் கிட்டே கொண்டுபோகாதீர்கள்.

இப்போது டயர் கடை ஜாக்கிக்கு வருவோம். ஆயிரம் கிலோ காரை ஓர் ஆள் எப்படித் தூக்குகிறார்?

பழைய வகை, திருகு ஜாக்கி. திருகின் மரை என்பது சுற்றிச் சுற்றி ஏறும் ஒரு சரிவு. கொல்லிமலைக்குப் போகும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. நேராக மேலே ஏற்றினால் எந்தப் பேருந்தும் திணறும். தூரத்தைக் கூட்டி, சரிவைக் குறைத்ததால் ஏறிவிடுகிறது. திருகும் அதையேதான் செய்கிறது. அரை மீட்டர் நீளக் கைப்பிடியை ஒரு முழுச் சுற்று சுற்றினால் உங்கள் கை சுமார் 314 சென்டிமீட்டர் நகரும். கார் ஏறுவது ஒரு சென்டிமீட்டர்தான் என்று வைத்துக்கொள்வோம். கணக்குப்படி உங்கள் பலம் 314 மடங்காக வேண்டும். உண்மையில் பாதிக்கும் மேலே உராய்வு விழுங்கிவிடும். அதற்காக உராய்வைத் திட்டாதீர்கள். கையை எடுத்த பிறகும் கார் சர்ரென்று இறங்காமல் அப்படியே நிற்பது அந்த உராய்வால்தான்.

திருகு ஜாக்கியின் பெரிய சாதனை அமெரிக்காவின் சிகாகோவில் நடந்தது. ஏரிக்கரையில் தாழ்வாக அமைந்த ஊர் அது. சாக்கடை ஓட வழியில்லை, தெருவெல்லாம் சேறு, நோய். 1850களில் கழிவுநீர்க் குழாய்களைத் தெருவின் மேலேயே பதித்து, அதன்மேல் மண் கொட்டித் தெருவை உயர்த்தினார்கள். தெரு உயர்ந்தால் வீடுகள் பள்ளத்தில் கிடக்குமே? வீடுகளையும் தூக்கினார்கள்! 1860இல் லேக் தெருவில் ஏறத்தாழ நூறு மீட்டர் நீளத்துக்கு வரிசையாக நின்ற கட்டடங்களை, 6,000 திருகு ஜாக்கிகளை அடியில் வைத்து, 600 பேர் ஐந்து நாளில் 4 அடி 8 அங்குலம் உயர்த்தினார்கள். ஆளுக்குப் பத்து ஜாக்கி. எல்லோரும் ஒரே நேரத்தில், ஒரே அளவு திருக வேண்டும்; ஒருவர் அவசரப்பட்டால் சுவர் விரிசல் விடும். கட்டடம் மேலே போய்க்கொண்டிருந்தபோது உள்ளே கடைகளில் வியாபாரம் நடந்துகொண்டிருந்தது.

இது ஏதோ தூரதேசத்துப் பழங்கதை என்று நினைக்க வேண்டாம். சென்னையில் சாலைமேல் சாலை போட்டுப் போட்டு, வீடுகள் சாலையைவிடத் தாழ்ந்துபோயிருக்கின்றன. மழைக்காலத்தில் தண்ணீர் நேரே கூடத்துக்கு வந்துவிடுகிறது. அப்படிப்பட்ட வீடுகளை இடிக்காமல், அடியில் நூற்றுக்கணக்கான ஜாக்கிகளை வைத்து மூன்று, நான்கு அடி உயர்த்துகிறார்கள். உங்கள் தெருவில் நடந்தால் நின்று பாருங்கள். முறை சிகாகோவினுடையதேதான்.

புதுவகை ஜாக்கிக்குள் எண்ணெய் இருக்கிறது. மெக்கானிக் கடையில் தடித்த பாட்டில்போல நிற்குமே, அந்த ஹைட்ராலிக் ஜாக்கி. 17ஆம் நூற்றாண்டில் பிரான்சில் வாழ்ந்த பாஸ்கல் கண்ட விதியில் இது இயங்குகிறது. அடைத்துவைத்த திரவத்தை ஓரிடத்தில் அழுத்தினால் அந்த அழுத்தம் குறையாமல் எல்லா இடத்துக்கும் போகும். உள்ளே ஒரு சின்ன உருளை, ஒரு பெரிய உருளை. சின்னதன் பரப்பு 1 சதுர சென்டிமீட்டர், பெரியது 30 என்று வைத்துக்கொள்வோம். சின்னதை 100 கிலோ எடைக்குச் சமமாக அழுத்தினால் பெரியது 3,000 கிலோவைத் தூக்கும். 100 கிலோ அழுத்தத்துக்கு எங்கே போவது? அதற்குத்தான் நீளக் கைப்பிடி. அது ஒரு நெம்புகோல். பத்து மடங்கு பெருக்கினால் உங்கள் கை 10 கிலோ அழுத்தினால் போதும். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகூட வேனைத் தூக்கிவிடலாம்.

இலவசமாக எதுவும் கிடைக்காது என்பதையும் கணக்கே சொல்லிவிடும். வேன் ஒரு சென்டிமீட்டர் ஏற, சின்ன உருளை மொத்தம் 30 சென்டிமீட்டர் இறங்க வேண்டும். ஒரு முறைக்கு இரண்டு சென்டிமீட்டர் இறங்குமானால் பதினைந்து முறை அடிக்க வேண்டும். மெக்கானிக் அண்ணன் ஏன் அவ்வளவு நேரம் கைப்பிடியை மேலும் கீழும் ஆட்டுகிறார் என்று இப்போது புரிகிறதா? ஒவ்வொரு அடிக்கும் எண்ணெய் திரும்பி ஓடிவராமல் ஒரு குண்டு வால்வு வழியை அடைத்துக்கொள்கிறது. கையில் தூக்கிக்கொண்டு போகும்படியான ஹைட்ராலிக் ஜாக்கிக்கு 1851இல் நியூயார்க்கைச் சேர்ந்த ரிச்சர்ட் டட்ஜன் காப்புரிமை பெற்றார்.

அடுத்து, உங்கள் காதுக்குப் பக்கத்தில் இருக்கும் ஜாக். ஹெட்போன் ஒயரை ஃபோனில் செருகும் துளைக்குத்தான் அந்தப் பெயர். செருகும் முனையை நாமெல்லாம் ஜாக் என்று சொல்லிவிடுகிறோம், அது பிளக். 1878இல் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் முதல் வணிகத் தொலைபேசி இணைப்பகம் தொடங்கிற்று. யார் யாரோடு பேச வேண்டுமோ அவர்கள் ஒயரை ஓர் ஆள் கையால் இணைக்க வேண்டும். அந்த வேலையைச் சுளுவாக்கச் சார்லஸ் ஸ்கிரிப்னர் என்பவர் ஸ்பிரிங் வைத்த ஓர் இணைப்பானைச் செய்தார். பார்க்க மடக்குக் கத்திபோல இருந்தது. மடக்குக் கத்திக்கு அங்கே ஜாக் கத்தி என்று பெயர். கத்தி போய்விட்டது, ஜாக் நின்றுவிட்டது. தொடக்கத்தில் இணைப்பகங்களில் வேலைக்கு வைத்ததும் பையன்களைத்தான். அவர்கள் வாயாடிகளாக இருந்து வாடிக்கையாளரோடு சண்டை பிடித்ததால் பெண்களை வேலைக்கு எடுத்தார்கள் என்பது தனிக் கதை.

பழைய ஹெட்போன் இருந்தால் அதன் முனையை உற்றுப் பாருங்கள். உலோகத்தின் குறுக்கே கறுப்பாக இரண்டோ மூன்றோ வளையங்கள் தெரியும். அவை மின்சாரம் கடத்தாத பிளாஸ்டிக். இரண்டு வளையம் உலோகத்தை மூன்று துண்டாகப் பிரிக்கும்: நுனித் துண்டு இடது காதுக்கு, அடுத்தது வலது காதுக்கு, மூன்றாவது இரண்டுக்கும் பொதுவான திரும்பு வழி. மூன்று வளையம் இருந்தால் நான்கு துண்டு; நான்காவது மைக்குக்கு. மூன்றரை மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒரு கம்பிக்குள் நான்கு பாதைகள்.

கருவிகள் போதும். இந்தப் பெயர் விலங்குகளையும் விட்டுவைக்கவில்லை.

ஆண் கழுதை ஆங்கிலத்தில் ஜாக். பெண் கழுதை ஜென்னி, அதுவும் ஒரு செல்லப்பெயர்தான். ஜாக்குக்கும் பெண் குதிரைக்கும் பிறப்பது கோவேறு கழுதை. கழுதையின் உயிரணுவில் 62 குரோமோசோம்கள், குதிரைக்கு 64. பாதிப் பாதி வாங்கிக்கொண்டு பிறக்கும் குட்டிக்கு 63. ஒற்றைப்படை எண்ணாக இருப்பதாலும், அம்மாவிடமிருந்து வந்ததும் அப்பாவிடமிருந்து வந்ததும் ஒன்றுக்கொன்று பொருந்தாததாலும் அவை சரியாக ஜோடி சேர முடிவதில்லை. அதனால் கோவேறு கழுதைக்குப் பெரும்பாலும் குட்டி பிறப்பதில்லை. 1779இல் சாமுவேல் கிராம்ப்டன் என்பவர் இரண்டு வகை நூற்பு இயந்திரங்களின் நல்ல அம்சங்களைக் கலந்து ஒரு புது இயந்திரம் செய்தபோது, கலப்புப் பிறவி என்பதால் அதற்குக் கோவேறு கழுதையின் பெயரையே வைத்துவிட்டார்கள். அந்த இரண்டில் ஒன்றின் பெயர் ஜென்னி! ஆனால் அந்த ஜென்னி கழுதையிலிருந்து வரவில்லை. 'எஞ்சின்' என்பதன் தேய்ந்த வடிவம் என்கிறார்கள்.

அமெரிக்கப் பாலைநிலங்களில் நீளக் காதுள்ள ஒரு முயலைப் பார்த்தவர்கள் 'கழுதைக்காது முயல்' என்ற பொருளில் பெயர் வைத்தார்கள். அதில் கழுதை பாதி உதிர்ந்து, ஜாக் முயல் என்று மிஞ்சியது. அந்தக் காதுகளில் ரத்தக் குழாய்கள் பின்னிக் கிடக்கின்றன. வெயில் ஏறினால் நிழலில் உட்கார்ந்து, குழாய்களை விரித்து, உடல் சூட்டைக் காது வழியாக வெளியே விட்டுவிடும். வியர்வை சிந்தினால் தண்ணீர் வீணாகும். இதில் ஒரு சொட்டும் வீணாவதில்லை. நம் ஊர்க் காட்டில் ஓடும் முயலும் இதன் சொந்தக்காரரே. இரண்டும் பிறக்கும்போதே உடல் முழுக்க ரோமத்தோடும் திறந்த கண்ணோடும் பிறக்கும். வீட்டில் வளர்க்கும் குழிமுயல் குட்டி ரோமமில்லாமல், கண் மூடிப் பிறக்கும்.

தென்னாப்பிரிக்கக் கடற்கரையில் வாழும் பென்குவினுக்கும் கழுதைப் பட்டம் உண்டு. காரணம் அதன் குரல். கத்தினால் கழுதை தோற்றுவிடும். பெயரைக் கேட்டுச் சிரிக்கலாம், நிலைமையைக் கேட்டால் சிரிப்பு வராது. 2024இல் அதை, அழிவின் விளிம்பில் இருக்கும் இனங்களின் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள்.

ஐரோப்பாவில் ஜாக்டா என்று ஒரு சிறிய காகம் இருக்கிறது. நம் நாட்டில் அதைப் பார்க்கக் காஷ்மீருக்குப் போக வேண்டும். 'டா' என்பதுதான் பழைய பெயர். ஜாக் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. அதன் கூவலே 'ச்சாக், ச்சாக்' என்றுதான் இருக்கும், ஆகவே பெயரை அதுவே கேட்டு வாங்கிக்கொண்டது என்றும் சொல்லலாம். ஆஸ்திரியாவைச் சேர்ந்த கோன்ராட் லோரென்ஸ் இந்தப் பறவைகளை வீட்டிலேயே வளர்த்து, அவை யாருக்கு அடங்கும், யாரோடு சேரும், எப்படிப் பேசிக்கொள்ளும் என்று ஆராய்ந்தவர். 1973இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவர். தம் முதல் ஜாக்டாவுக்கு அதன் கூவலையே பெயராக வைத்தார். அவருடைய புத்தகத்தின் ஆங்கிலப் பதிப்பில் அது ஜொக் என்று வருகிறது!

ஜாக்டாவின் கண்ணைப் பாருங்கள், வெள்ளி மாதிரி வெளிறியிருக்கும். மற்றக் காகங்கள் பலவற்றுக்குக் கறுப்பு. கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சியாளர்கள் கூட்டுப் பெட்டிகளுக்குள் வெவ்வேறு படங்களை ஒட்டிவைத்துப் பார்த்தார்கள். வெளிறிய கண்கள் உள்ளேயிருந்து முறைக்கும்படி படம் இருந்த பெட்டியை மற்ற ஜாக்டாக்கள் அதிகம் நெருங்கவில்லை. இருட்டுப் பொந்துக்குள்ளிருந்து 'வீட்டில் ஆள் இருக்கிறது' என்று சொல்லும் பலகை அந்தக் கண்.

வேலைக்காரனின் பெயர் விலங்குக்குப் போனதைப் பார்த்தோம். பெயரோடு வேலையும் சேர்ந்து போன ஒரு கதை உண்டு. தென்னாப்பிரிக்காவில் அப்போது யூட்டன்ஹேக் என்று பெயர் கொண்டிருந்த ஊரில், ஜேம்ஸ் வைட் என்பவர் ரயில்வேயில் வேலை பார்த்தார். ஓடும் ரயிலில் பெட்டிவிட்டுப் பெட்டி தாவுவது அவர் வழக்கம். அதனால் 'தாவுபவர்' என்றே பட்டப்பெயர். ஒருநாள் தாவல் தவறி, இரண்டு கால்களையும் இழந்தார். மரக்கால் பொருத்திக்கொண்டு சிக்னல் பார்க்கும் வேலைக்கு மாறினார். 1881இல் சந்தையில் ஒரு பபூன் குரங்கு மாட்டுவண்டியை ஓட்டிவருவதைப் பார்த்து, விலைக்கு வாங்கி வந்தார். அதன் பெயர் ஜாக்.

முதலில் ஜாக் அவரைத் தள்ளுவண்டியில் உட்காரவைத்து வேலைக்குத் தள்ளிக்கொண்டு போனது. பிறகு அவர் சிக்னல் நெம்புகோல்களை இழுப்பதைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டது. வரும் ரயில் எத்தனை முறை விசில் அடிக்கிறது என்பதை வைத்து எந்த நெம்புகோலை இழுக்க வேண்டும் என்று தெரியும். ஜாக் விசிலைக் கேட்டுச் சரியானதை இழுத்தது. ரயிலில் போனவர்கள் குரங்கு சிக்னல் போடுவதைப் பார்த்துப் பதறிப்போய்ப் புகார் செய்ய, அதிகாரிகள் வந்து சோதித்துப் பார்த்தார்கள். ஜாக் பாஸ். 1890இல் காசநோயால் இறக்கும் வரை அந்த வேலையில் இருந்தது. இந்த ஒலிக்கு இந்தச் செயல் என்று இரண்டைச் சேர்த்து மனத்தில் பதித்துக்கொள்வது விலங்குகளுக்கு முடிகிற காரியம்தான். ஆனால் ரயில் வரும் நேரத்தில் அதை நம்பி நெம்புகோலைக் கொடுத்த வைட்டின் தைரியம் எனக்கு வராது.

சீட்டுக்கட்டு ஜாக்கி பற்றி முதலில் சொல்லிவிட்டு மறந்துவிட்டேன் என்று நினைப்பீர்கள். அவர் பழைய பெயர் 'நேவ்', அதாவது ஏவல் பையன். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லும் ராஜாவைக் குறிக்கும் சொல்லும் ஒரே எழுத்தில் தொடங்கும். 19ஆம் நூற்றாண்டில் சீட்டின் மூலையில் எழுத்து அச்சடிக்கத் தொடங்கியபோது, கையில் விசிறியாக விரித்துப் பிடித்தால் யார் ராஜா, யார் பையன் என்று குழப்பம் வந்தது. ஆகவே பையனை ஜாக் ஆக்கிவிட்டார்கள். ராஜாவுக்கும் ராணிக்கும் கீழே நிற்பவர்தான். ஆனால் இலங்கையில் பெயர்போன 304 ஆட்டத்தில் ஜாக்கிக்கு 30 புள்ளி, ராஜாவுக்கு 3!

இரவில் சதுப்பு நிலத்தில் சில சமயம் சின்ன வெளிச்சம் தோன்றி மறையும். நம் ஊரில் அதற்குக் கொள்ளிவாய்ப் பிசாசு என்று பெயர். இங்கிலாந்துக்காரர்கள் அது 'லாந்தர் பிடித்த ஜாக்' என்றார்கள். சேற்றுக்கடியில் காற்றுப் படாமல் இலைதழைகள் அழுகும்போது மீத்தேன் வாயு உண்டாகிறது. 1776இல் இத்தாலியில் மஜோரே ஏரிக்கரைச் சேற்றிலிருந்து அலெசாந்திரோ வோல்ட்டா இதைப் பிடித்துவந்து எரித்துக் காட்டினார். மீத்தேன் தானாகப் பற்றிக்கொள்ளாது. அழுகலில் கூடவே உண்டாகும் சில பாஸ்பரஸ் வாயுக்கள் காற்றுப் பட்டதும் பற்றும், அவைதான் தீக்குச்சி என்று ஒரு சாரார் சொல்கிறார்கள்; அது சூடில்லாத வெறும் ஒளி என்று இன்னொரு சாரார். விவாதம் இன்னும் முடியவில்லை. இப்போது சதுப்புகளை வற்ற வைத்து வீடு கட்டிவிட்டதால் பிசாசைப் பார்ப்பதே அரிதாகிவிட்டது.

கடைசியாக இரண்டு போலிகள். ஆங்கிலத்தில் குள்ளநரிக்கு 'ஜாக்கல்' என்று பெயர். அதில் ஜாக்குக்கு எந்தப் பங்கும் இல்லை. பாரசீகத்தில் 'ஷகால்', துருக்கியில் 'சக்கால்', சமஸ்கிருதத்தில் 'சிருகால'. அந்தக் குடும்பம் வேறு. 

இன்னொரு போலி பலாப்பழம். ஆங்கிலத்தில் ஜாக் பழம். வில்லியம் ஜாக் என்ற ஸ்காட்லாந்துத் தாவரவியலாளர் நினைவாக வந்த பெயர் என்று சிலர் எழுதிவிட்டார்கள். அவர் பிறந்தது 1795இல். அதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் முன்னால், 1563இல், கோவாவில் அச்சான தம் மூலிகை நூலில் போர்ச்சுகீசிய மருத்துவர் கார்சியா த ஓர்த்தா 'ஜாக்கா' என்று எழுதிவிட்டார். அவருக்கு அந்தச் சொல் கிடைத்தது மலபார்க் கரையிலிருந்து. மலையாளத்தில் பலா 'சக்க'. கன்னியாகுமரி மாவட்டத்தில் நம்மவர்களும் சக்கை என்கிறார்களே, அதேதான்.

பலாப்பழம் பார்க்க ஒன்று, உண்மையில் நூற்றுக்கணக்கான பழங்களின் கூட்டு. ஒரு பூங்கொத்து முழுவதும் ஒன்றாக வளர்ந்து ஒட்டிக்கொண்டது. தோலில் இருக்கும் ஒவ்வொரு முள்ளும் ஒரு பூவின் நுனி. கருவுற்ற பூ சுளையாகும். கருவுறாத பூக்கள் சுளைகளுக்கு நடுவே நார்நாராகக் கிடக்கும். பலாவை அறுக்காமலே சுளையை எண்ண நம் பழைய கணக்கு நூலான கணக்கதிகாரம் ஒரு வழி சொல்கிறது: காம்பைச் சுற்றியுள்ள முட்களை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்க வேண்டும். 100 முள் என்றால் 120 சுளை. எத்தனை பூ கருவுற்றது என்பது பழத்துக்குப் பழம் மாறும். அதனால் விடை எப்போதும் அச்சாக வந்துவிடாது. அடுத்த முறை பண்ருட்டிப் பழம் வீட்டுக்கு வரும்போது, அம்மா கத்தியில் எண்ணெய் தடவுவதற்குள் எண்ணிவிடுங்கள், பிறகு சுளைகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

போர்ச்சுகீசியர்கள் பழத்தோடு பெயரையும் பிரேசிலுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே இன்றும் அது ஜாக்கா. ரியோ நகரை ஒட்டிய திஜூக்கா காட்டில் பலா மரங்கள் மண்டிப்போய், உள்ளூர் மரங்களுக்கு இடமில்லாமல் செய்கின்றன என்று கன்றுகளைத் தேடித் தேடிப் பிடுங்குகிறார்கள். ஒரு பழத்துக்குள் 100 முதல் 500 கொட்டை வரை இருந்தால் வேறு என்ன ஆகும்?